கேம் பெட்டியில் லினக்ஸ் ஏற்றியவர்

அன்பர்களே, மனிதர்களில் 'ஏற்றிப் பார்ப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. ஒரு பொருள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை மட்டும் அது செய்துகொண்டிருந்தால் இவர்களுக்குத் தூக்கம் வராது. கால்குலேட்டரில் கேம், கேம் பெட்டியில் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரில் இன்னொரு கம்ப்யூட்டர் என்று எதையாவது எதிலாவது ஏற்றிப் பார்த்தால்தான் சோறு இறங்கும். ஏற்றிய பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்ய மாட்டார்கள். அடுத்ததைத் தேடுவார்கள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். இவர் வீட்டு அடுப்படியில் டியூப்லைட் மூன்று மாதமாகக் கண்ணடித்துக்கொண்டிருக்கும். மிக்ஸி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சுற்றும். பக்கத்து வீட்டுக்காரர் போனில் வாட்ஸாப் வரவில்லை என்று வந்தால், "அதெல்லாம் சின்ன மேட்டர், கடையில குடுங்க" என்று அனுப்பிவிடுவார். உலகத்தில் யாருக்குமே வராத பிரச்சினை என்றால் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அண்ணனூர் செங்கல்வராயன் இந்த இனத்தில் அசல் மாதிரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. பத்து மாதத்துக்கு முன் பூந்தமல்லியில் பேருந்துக்குக் காத்திருந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? எதிரே இருந்த காயலாங்கடையில் பழைய மிக்ஸி ஜாருக்கும் சைக்கிள் பெடலுக்கும் நடுவே ஒரு வீடியோ கேம் பெட்டி கிடந்தது. இருபத்தைந்து வயசுப் பெட்டி. செய்த ஜப்பான் கம்பெனியே மறந்துபோன பெட்டி. அதைப் பார்த்ததும் இவர் முகத்தில் வந்த வெட்கம், பெண் பார்க்கப் போன அன்றுகூட வரவில்லை என்று உடன் நின்றிருந்த அவர் மச்சினன் பாண்டியன் இன்றும் சொல்வான்.

"இதுல லினக்ஸ் ஓடும்" என்று வீட்டுக்குள் நுழையும்போதே அறிவித்தார்.

"அப்டின்னா?" என்றாள் மனைவி ரேவதி.

"விண்டோஸ் மாதிரி. ஆனா ஓசி. ஒரு சிடியில எய்தி உள்ள போட்டா, இந்த கேம் பொட்டி கம்ப்யூட்டரா மாறிடும்."

"நம்ம ஊட்லதான் கம்ப்யூட்டர் கீதே?"

"கீது. அதுலதான் அந்த சிடிய எய்தணும்."

ரேவதி இதை இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று முதல் வாசல் பக்கத்துச் சின்ன அறை 'லேப்' ஆனது. அந்த அறையின் மீதுதான் ரேவதிக்குக் கண். ஜாக்கெட் தைப்பதில் அண்ணனூரிலிருந்து ஆவடி வரை அவளுக்குப் பேர் உண்டு. கூடத்து மூலையில், டிவிக்கும் ஷூ ஸ்டாண்டுக்கும் இடையே முடங்கிக்கொண்டு தைத்தே அந்தப் பேரை எடுத்தவள். இந்த ஆவணியில் நெமிலிச்சேரியில் ஒரு பெரிய கல்யாணம். நாற்பது ஜாக்கெட், அத்தனையிலும் எம்ப்ராய்டரி. பாண்டியன் மூலம் ஓர் எம்ப்ராய்டரி மிஷினையும் பேசி முடித்துவிட்டாள். மிஷின் வைக்க இடம்? இடத்தில்தான் லேப் இருக்கிறதே!

இப்போது அந்தக் குறுந்தகட்டின் மகாத்மியத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சும்மா எழுதிப் போட்டால் பெட்டி ஏற்காது. தகட்டின் முதல் பகுதியில் பாட்டு மாதிரி ஏதாவது ஒரு சத்தம் இருக்க வேண்டும். இரண்டாவது பகுதியில்தான் லினக்ஸ். பெட்டி அந்தச் சத்தத்தைக் கேட்கவே கேட்காது, நேராக இரண்டாவதுக்குத் தாவிவிடும். ஆனால் முதல் பகுதியில் சத்தம் இல்லையென்றால் கோபித்துக்கொண்டு படுத்துவிடும். கல்யாண வீட்டில் பெரிய மாமாவைக் கூப்பிடுகிற மாதிரிதான். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை, ஆனால் அவர் வராமல் தாலி கட்ட முடியாது.

இதைக் கண்டுபிடிக்கவே செங்கல்வராயனுக்கு ஆறு மாதமும் பதினாறு தகடுகளும் ஆயின. கெட்டுப்போன தகடுகள் வீணாகவில்லை. நாலு, டம்ளருக்கு அடியில். மூன்று, கொய்யா மரத்தில் கிளி விரட்ட. ஒன்று, பக்கத்து வீட்டுத் துலுக்கானத்தின் சைக்கிள் மட்கார்டில். துலுக்கானம் அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "நைனா, நாங்க ஒரு முழு ரயிலயே ஆறு மாசத்துல பிரிச்சி மாட்டிடுவோம்" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போவார்.

ஆடி பிறந்ததும் பதினேழாவது தகட்டுக்கு ஏற்பாடு நடந்தது. முதல் பகுதிக்குச் சத்தம் வேண்டுமே? செங்கல்வராயன் போனில் பதிவை அமுக்கி மேஜையில் வைத்தார். தலைக்கு மேல் ஃபேன் கறக், கறக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமே போதும் என்று அவர் ஒயரைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்த சமயம் பார்த்து ரேவதி உள்ளே வந்தாள். நறுக்கென்று நாலு வார்த்தை பேசினாள். இவரும் தலையை வெளியே எடுக்காமலே ஏதோ பதில் சொன்னார். அவள் போனதும் பதிவை நிறுத்தினார். கேட்டுப் பார்த்தாரா? முந்நூறு பக்க இங்கிலீஷ் குறிப்பை மூன்று முறை படித்த மனிதருக்கு அரை நிமிடத்தைக் கேட்க நேரமில்லை. அப்படியே தகட்டில் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. உள்ளே எம்ப்ராய்டரி மிஷின், பக்கத்தில் பாண்டியன். அதே நேரம் கூடத்து டிவியில், அடடா, லினக்ஸின் சின்னமான பென்குயின் வந்து உட்கார்ந்தது!

"வந்துடுச்சி! ரேவதி, வந்துடுச்சி!" செங்கல்வராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் பொய் இல்லை. பத்து மாதத் தவம் ஐயா, சும்மாவா? துலுக்கானமும் ஓடிவந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் ஒரு கோட்டில் நின்று கண்சிமிட்டின.

"இன்னா நைனா கேக்குது?"

"யூசர் பேரு கேக்குது."

"சொல்லேன்."

"வாயால சொன்னா கேக்காது. கீபோர்டுல அடிக்கணும்."

"கொண்டாந்து அடியேன்."

செங்கல்வராயன் தொண்டையைச் செருமினார். "நம்ம கீபோர்டு இதுல சேராது. இதுக்குன்னு தனியா ஒண்ணு விட்டான். இப்ப ஜப்பான்ல யாராவது வெச்சிகினு இருப்பான்."

பாண்டியன்தான் மெதுவாக ஆரம்பித்தான். "மாமா, வண்டி நிக்கிது. மிஷின இறக்கலாமா?"

"எங்க இறக்குவ? ஜப்பான்லேர்ந்து கீபோர்டு வரட்டும்."

"இன்னாயா பேசற?" ரேவதி முன்னால் வந்தாள். "ஞாயித்துக்கெழம காலி பண்ணித் தரேன்னு சொல்லலியா நீ?"

"நான் எப்ப சொன்னேன்?"

இந்த மூன்று வார்த்தைக்கு ரேவதியிடம் இருபது வருஷமாகப் பதில் இல்லை. தங்கை கல்யாணத்துக்குப் போகலாம் என்றதும், அடுப்படி விளக்கை மாற்றுகிறேன் என்றதும் இதே மூன்று வார்த்தையில்தான் காணாமல் போயின. "ஆடி முடியட்டும், பாக்கலாம்னு சொன்னேன்" என்று அவர் நிதானமாகச் சொன்னபோது, ஒருவேளை அப்படித்தான் சொன்னாரோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்பது ஜாக்கெட்டும் போச்சு என்று கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். பாண்டியன் வண்டிக்காரனைப் பார்த்துக் கையை விரித்தான்.

அத்தோடு விட்டிருந்தால் செங்கல்வராயன் ஜெயித்திருப்பார். இந்த இனத்துக்கு ஜெயித்தால் போதாதே, விளக்கவும் வேண்டும்! தகட்டை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இது லேசுப்பட்ட சிடி இல்ல துலுக்கானம். இத சாதா டிவிடி பிளேயர்ல போட்டா ஒண்ணியும் தெரியாது. பாக்கிறியா?" என்று, ரேவதி தைக்கும்போது பாட்டுக் கேட்கிற பிளேயரில் தானே தள்ளினார்.

பென்குயின் வரவில்லை. கறக், கறக் என்று ஃபேன் வந்தது. அடுத்து ரேவதி வந்தாள்.

"யோவ், மிஷினு வருது. ரூம எப்ப காலி பண்ணுவ? கெழமய சொல்லு."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் ஆண்குரல் தெளிவாகச் சொன்னது: "ஞாயித்துக்கெழம. பென்குயின் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. எங்கம்மா மேல சத்தியமா."

பிளேயர் அதோடு நிற்கவில்லை. ஒரே பாட்டுத்தானே, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. எங்கம்மா மேல சத்தியமா. துலுக்கானம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "தவள தன் வாயாலதாம்பா கெடும்" என்றார். ரேவதி சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய், "பாண்டியா, இறக்கு!" என்றாள். அந்தக் குரலில் இருபது வருஷம் இருந்தது. தகட்டை அவள் பத்திரமாக எடுத்து பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

லேப் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மனிதர் திருந்தினாரா என்று கேட்காதீர்கள். நாலாம் நாள் எம்ப்ராய்டரி மிஷினின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்து, "ரேவதி, இதுக்குள்ள இன்னா போர்டு போட்டிருக்கான் தெரியுமா?" என்று ஆரம்பித்தாராம். அவள் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் பேச்சு அங்கேயே நின்றது.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். உங்கள் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய எதற்கும் சேராத ஒயர்கள் இல்லை, உங்கள் வீட்டு அடுப்படி விளக்கு கண்ணடிக்கவில்லை, 'நான் எப்ப சொன்னேன்' என்று நீங்கள் சொன்னதே இல்லை. அப்படித்தானே? ஆனாலும் வீட்டில் யாராவது வந்து, "எப்ப செய்வீங்க, கெழமய சொல்லுங்க" என்று கேட்டால், வாயைத் திறக்குமுன் மேஜையில் கிடக்கும் போனை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.