தலைகீழ்ப் படகும் தபீதாள் அக்கா பார்த்ததும்

முடிச்சூர்,
செவ்வாய்க்கிழமை.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மைத்துனர் தயாளன் அவர்களுக்கு எட்மண்ட் எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை எப்சியும், மகள் கிருபாவும், நானும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம். என் வலது காதில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. அங்கே உங்கள் வீட்டில் எல்லோருடைய காதும் மற்ற அவயவங்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நான் குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதாதென்று தண்ணீரில் முங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துச் சபை மாறிவிட்டதாகக் கூடுவாஞ்சேரி வரைக்கும் பேச்சு வந்துவிட்டது என்று போனில் சொன்னீர்கள். மாப்பிள்ளை எபியின் அப்பா, "மொதல்ல இது இன்னான்னு தெரியட்டும், அப்பால ஓலை வாசிக்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்தால்தான் குறித்த தேதியில் கிருபாவின் கல்யாணம் நடக்கும். அதற்கு நான் என் கைப்பட விளக்கம் எழுதித் தர வேண்டும், அதைச் சம்பந்தியிடம் காட்டுவீர்கள் என்றும் சொன்னீர்கள். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிய ஹெட்மாஸ்டர் கை இது. இன்று தனக்கே எழுதிக்கொள்கிறது.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் எங்கள் வீட்டு பீரோ கூடத்தில் மிதந்ததும், நாங்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியில் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். எங்களை ஏற்றிப்போக ரப்பர் படகு வந்தபோது உங்கள் தங்கை கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. "கவுந்துட்டா?" என்று ஒரே கேள்வி. படகில் வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், நான், யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்து நாலு தூறல் விழுந்தால் போதும், எப்சிக்குச் சோறு இறங்காது. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். வீட்டை விற்கவும் மனசில்லை, இருக்கவும் தைரியமில்லை. அதனால்தான் ரிட்டயர் ஆன கையோடு, கேனோ என்கிறார்களே, அந்த ஒற்றை ஆள் படகு ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். ஓட்டுவதற்காக அல்ல மச்சான். கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொண்டு வந்து அவளுக்குப் பதில் சொல்வதற்காக.

கற்றுக்கொடுத்தவன் ஜேசன். ஏழாம் வகுப்பில் நான் பெஞ்சு மேல் நிற்க வைத்தவன். இப்போது என்னைத் தண்ணீரில் தலைகீழாக நிற்க வைத்து அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டான் என்றே சொல்ல வேண்டும். வண்டலூர் பக்கம் ஒரு தோட்டத்து நீச்சல் குளத்தை அவன் சனிக்கிழமை காலையில் வாடகைக்கு எடுக்கிறான். படகில் உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றித் தண்ணீர் புகாதபடி ஒரு உறையை மாட்டி, கவிழ்த்துவிடுவான். துடுப்பு கிடையாது. "கவுந்தா மொதல்ல கைய வுட்டுப் போறதே துடுப்புதான் சார், வெறுங்கையாலதான் எழுந்துக்கணும்" என்றான். அது ஒரு விதத்தில் நல்லதாயிற்று, ஏனென்றால் எங்கள் துடுப்பு இப்போது மாடியில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது, எப்சி அதைத் தர மறுக்கிறாள்.

இரண்டு கையையும் ஒரு பக்கமாக நீட்டித் தண்ணீரை அழுத்தி, அதே மூச்சில் இடுப்பை வெட்டிப் படகைத் திருப்ப வேண்டும். படகு நிமிர்ந்த பிறகுதான் தலை வெளியே வர வேண்டும். கேட்க எளிது. மூக்கில் தண்ணீர் ஏறியவனுக்குத் தலையைத்தானே முதலில் தூக்கத் தோன்றும்? தூக்கினேன், படகு மறுபடி என்னைக் கவிழ்த்துக்கொண்டது. "சார், அவசரப்பட்டுத் தலைய தூக்காதீங்க சார்!" என்று அவன் கத்துவது தண்ணீருக்குள்ளேயே கேட்டது. எத்தனையோ வாரம் இப்படியே போயிற்று. குளத்துத் தண்ணீரில் பாதியை நான் குடித்திருப்பேன். எப்சி ஒவ்வொரு வாரமும் கரையில் பிளாஸ்க்கையும் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இங்கேதான் சங்கடம். அதே குளத்தை எங்களுக்கு முந்திய நேரத்தில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு சபையார் எடுத்திருக்கிறார்கள். நல்ல ஜனங்கள். ஜெபம் முடிந்தும் சில அக்காமார் போகாமல் எப்சியோடு பேசிக்கொண்டிருப்பார்கள். போன மாதம் ஒரு நாள் நான் முதல் தடவையாகச் சுத்தமாக நிமிர்ந்து எழுந்தேன். சந்தோஷம் தாங்காமல் "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். அவர்கள் அத்தனை பேரும் "ஆமென்!" என்று கைதட்டிப் பாடத் தொடங்கிவிட்டார்கள். நானும் ஒரு சரணம் கூடப் பாடினேன்; ராகம் தெரிந்த பாட்டு, என்ன செய்வது?

அந்தக் குளத்துக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருப்பவர் நம் சபை தபீதாள் அக்கா. அவர் பரப்பிய கதையைக் கவனியுங்கள். தோட்டத்து வாசலில் எங்கள் ஸ்கூட்டர் நின்றதாம். வெள்ளை உடுத்திய ஒரு ஆளைப் போதகர் தலையில் கை வைத்து ஒரே ஒரு முறை முக்கி எடுத்தாராம். ஆகவே அது எட்மண்டாம்! மச்சான், நான் அணிவது காக்கி அரைக்கால் சட்டையும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையும். ஒரே முறை என்பதும் பொய். என்னைப் போல் முங்கியவன் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இல்லை. போதாக்குறைக்கு அவர் சொல்லும் சனிக்கிழமை நான் காதுவலியால் வீட்டில் படுத்திருந்தேன். எப்சி மட்டும், அதற்கு முந்திய வாரம் மறந்துவிட்டு வந்த துண்டை எடுத்து வர ஸ்கூட்டரில் போனாள். தலை முழுக்க நனைந்து வந்து, அங்கே மழை என்றாள். முடிச்சூரில் ஒரு சொட்டு இல்லை. நம் பக்கத்து வானம் இப்படித்தான், ஒரு தெருவில் பெய்தால் அடுத்த தெருவில் காயும். தபீதாள் அக்காவின் கண்ணை நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

எனவே சம்பந்தி ஐயா அறிய நான் எழுதுவது: எங்கள் வீட்டில் எவரும் முழுக்கு எடுக்கவில்லை, எடுக்கப் போவதுமில்லை. இதற்கு நானும் என் மனைவியும் சாட்சி. ஒரு படகுக்காக என் பெண்ணின் ஓலை நின்றுபோனால் அதை என்னால் தாங்க முடியாது. கிருபா கல்யாணப் புடவையை எடுத்து எடுத்துப் பார்த்து மடித்து வைக்கிறாள்.

சமாதானத்தின் தேவன் உங்கள் இல்லத்தையும், ஒழுகும் உங்கள் மாடித் தொட்டியையும் காத்துக்கொள்வாராக. அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
எட்மண்ட்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுமுன் எப்சிக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள், "தபீதாள் அக்காவுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அது நான்தாங்க" என்றாள்.

"மழைன்னு சொன்னியே?"

"நனைஞ்சு வந்து நின்னா வேற என்னத்தச் சொல்றது?"

ஏன் என்று கேட்டேன். "வாராவாரம் நீங்க தலைகீழா தொங்கறதைக் கரையில உக்காந்து பார்த்தேன். ஜேசன் இல்லாத அன்னிக்கு நீங்க கவுந்துட்டா யாரு இறங்கித் தூக்கறது? எனக்கு முட்டி அளவு தண்ணியே பயம். அந்த அக்காங்க, ஆண்டவர் பேரைச் சொல்லி ஒரு தரம் முங்கி எழு, பயம் போயிடும்னாங்க. கையப் புடிச்சுக்கிட்டாங்க, முங்கினேன். போயிடுச்சு. மத்தபடி சபை எதுவும் மாறல; ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துலதானே நின்னு பாடறேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளோரின் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மச்சான், மேலே "எங்கள் வீட்டில் எவரும்" என்பதை "என்னைப் பொறுத்தவரை" என்று திருத்திக்கொள்ளவும். சாட்சியை அடித்துவிடவும். தபீதாள் அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். யோசித்துப் பார்த்தால், இந்தக் கடிதத்தைக் காட்டவே வேண்டாம். சம்பந்தியைச் சனிக்கிழமை காலை குளத்துக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், நடந்ததை எப்சியே சொல்வாள். பிறகு ஓலையைப் பற்றி அவர் முடிவு செய்யட்டும். நான் படகைக் கவிழ்த்துக் காட்டுகிறேன். ஜேசனை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் தண்ணீரில் எப்சி நிற்பாள்.