டென்மார்க்குக்கு நான் சொன்ன ‘வேண்டாம்’

ஒரத்தநாடு,
12.7.2006

அன்புள்ள மைத்துனர் வைத்தியலிங்கம் அவர்களுக்கு,

தியாகராசன் எழுதுவது. நானும் உங்கள் அக்கா பிரகதாம்பாளும் நலம். ஷார்ஜாவில் நீங்களும் விஜயலட்சுமியும் நலமாயிருக்க வேண்டுகிறோம். மின்னஞ்சலில் அனுப்பாமல் தபாலில் எழுதக் காரணம் உண்டு. கணினியைத் தொட எனக்குக் கை வரவில்லை.

நம் பையன் பரணிதரன் மூன்று வருடமாக எழுதிவரும் கணினி நிரலைப் பற்றி அறிவீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் கணினியில் எழுதியது அழியாமல் காப்பது. நம் ஊரில் இருந்துகொண்டு வேறு எதை எழுதுவான்? அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், காசு கிடையாது என்று இணையத்தில் வைத்துவிட்டான். எடுத்தவர்கள் சும்மா இருப்பதில்லை. பிரேசிலில் ஒருவர், போன வாரம் சொன்ன பிழையை ஏன் இன்னும் சரிசெய்யவில்லை என்று அதட்டுகிறார். நான் வருத்தப்பட்டபோது உங்கள் அக்கா, “கோயில்ல சும்மா குடுக்குற சுண்டலுக்கே உப்பு பத்தலன்னு சொல்றவங்க இருக்காங்க” என்றாள். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்பது என் கட்சி. அவனிடம் சொல்லியும் பார்த்தேன். “நானும் யாரோ எழுதி வச்சத எடுத்துத்தானப்பா எழுதுறேன். அவங்களுக்கு என்ன குடுத்தேன்?” என்றான். முப்பத்தோரு வருடம் நில அளவையராக இருந்த எனக்கு, இதில் எல்லைக்கல்லை எங்கே நடுவது என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே என்றுதான் உங்களிடம் விசா கேட்டேன். அங்கே வேலைக்கு வந்தால் நிரலைப் பார்க்க நேரமிருக்காது, மூடிவிடுவேன் என்றான். அப்போது அவன் முகம் சரியாக இல்லை.

திங்களன்று விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னை போனான். மின்னஞ்சல் வந்தால் ‘கிடைத்தது’ என்று மட்டும் என்னை எழுதச் சொன்னான். செவ்வாய்க்கிழமை டென்மார்க்கிலிருந்து வந்தது. பால் குளிரூட்டும் இயந்திரம் செய்யும் கம்பெனி. பரணியின் நிரல் அவர்கள் இயந்திரத்தில் இருக்கிறதாம். அவன் வீட்டிலிருந்தபடியே அதைப் பராமரித்தால் மாதாமாதம் பணம் தருகிறோம், சம்மதமா என்று இங்கிரிட் என்ற அம்மாள் கேட்டிருந்தார். நம் பணத்தில் முப்பதாயிரம். இரண்டு முறை படித்தேன், அகராதியும் பார்த்தேன். இனி அவன் எங்கும் போக வேண்டாம் என்று கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனதுக்கு ‘கிடைத்தது’ என்று மொட்டையாக எழுதுவது மரியாதையா? நீங்கள் போன தடவை கொண்டுவந்த கைக்கடிகாரத்தைக்கூட இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் முறை நீங்களே கையில் கட்டிவிட்ட பிறகுதானே வாங்கினேன்? அந்தப் பழக்கத்தில், ‘பணமெல்லாம் எதற்கு, உங்கள் அன்பே போதும்’ என்று பரணி சார்பில் எழுதிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. அவன் கொள்கையை மதிக்கிறார்களாம். இனி பணப் பேச்சே எடுக்க மாட்டார்களாம். வெள்ளைக்காரர்கள் முதல் ‘வேண்டாம்’ என்பதையே நம்பிவிடுவார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

விஷயத்தைக் கேட்ட உங்கள் அக்கா, “அவன் வர்றதுக்குள்ள எப்படியாவது திருப்பிக் கேக்க வைங்க” என்றாள். நீங்கள் வெள்ளைக்காரர்களோடு பழகியவர். நாம் வேண்டாம் என்றது வேண்டும் என்றுதான் என்பதை, பையனுக்குக் குறைச்சல் வராமல், அந்த அம்மாளுக்கு விளக்கி எழுதிவிடுங்கள். பரணிக்குத் தெரிய வேண்டாம். குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. வெயிலில் அலையாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்,
தியாகராசன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அக்கா கூப்பிட்டாள். அந்த அம்மாளே மறுபடி எழுதியிருக்கிறார். மனம் கேட்கவில்லையாம், பாதியாவது வாங்கிக்கொள்ளக் கூடாதா என்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘இருக்கட்டும், பரவாயில்லை’ என்று உடனே பதில் போட்டுவிட்டேன். இரண்டு முறை ஆகிவிட்டது. ஆகவே மேலே கேட்டபடி நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். கணினிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.