இரண்டு லேப்டாப், இரண்டு தாய்மாமன்கள்

"மே 11, ஞாயிறு. இன்றைய தவறு: இரண்டு லேப்டாப்பிலும் ஒரே எமுலேட்டரைப் போட்டிருக்க வேண்டும். வேறு வேறாகப் போட்டுவிட்டேன். சிறிய தவறுதான் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை."

ஜெரின் இதை எழுதி முடிப்பதற்குள் கூடத்தில் ஒரு நாற்காலி தடாலென்று பின்னால் சாய்ந்தது. டைரியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அடுக்களை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். தவறு அவ்வளவு சிறியதில்லை போலிருந்தது.

ஜெரின் பகலில் ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடையில் பில் போடுகிறவன். மாலையில் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் வகுப்பு. செய்த பிழையை அன்றன்றே தேதி போட்டு எழுதினால்தான் அது திரும்ப வராது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவன் நாள் தவறாமல் எழுதினான். பிழைகளும் நாள் தவறாமல் வந்தன.

இன்று அக்கா ரீனாவின் கல்யாணத்தைப் பேசி முடிக்க எரியோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தேதி முடிவாகிவிட்டது. பட்டு எடுக்கும் கடைகூட முடிவாகிவிட்டது. எந்த ஊர்க் கோயிலில் கல்யாணம் என்பதில் வண்டி நின்றுவிட்டது. ரீனாவின் தாய்மாமன் சூசைராஜ், "எங்க திண்டுக்கல்லுலதான்" என்றார். மாப்பிள்ளை இனிகோவின் தாய்மாமன் ரொனால்டு, "எங்க எரியோட்டுலதான்" என்றார். ஒரு மணி நேரம் ஊர்ப்பெருமை பேசியதில் இருவருக்கும் தொண்டை கட்டியது.

இனிகோதான் பேச்சை மாற்றப் பார்த்தான்.

"ரெண்டு மாமாவும் சின்ன வயசுல டிவியில டாங்கி கேம் ஆடுனவங்கதான? ஒரு ஆட்டம் போடுங்க. ஜெயிக்கிறவங்க ஊர்ல கல்யாணம்!"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் இரண்டு மாமாக்களும் ஒரே நேரத்தில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்து கேம் பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது? அந்தப் பெட்டியைப் போலவே நடிக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். ஜெரினின் பழைய லேப்டாப்பில் ஒன்று இருந்தது. ரீனாவின் புது லேப்டாப்பில் கையில் கிடைத்த வேறொன்றை அவசரமாகப் போட்டான். ஆட்டம் எளிது. திரையின் அடியில் செங்கல் சுவர் சூழ்ந்த சொந்தக் கோட்டை. மேலிருந்து எதிரி டாங்கிகள் வரும். கோட்டை போனாலோ, டாங்கி செத்தாலோ ஆட்டம் முடிந்தது. யார் ஆட்டம் முதலில் முடிகிறதோ அவர் தோற்றார்.

முதல் ஆட்டத்தில் ரொனால்டுக்குப் புது லேப்டாப். ஆரம்பித்ததும் டாங்கிகள் எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றியதுபோல் ஓடின. ரொனால்டு விரலை எடுத்து வைப்பதற்குள் செத்துப்போனார். பழைய லேப்டாப்பில் சூசைராஜின் டாங்கி அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

"போகுது விடுங்க, தோல்வின்னா தோல்விதான்" என்று ரொனால்டு பெருந்தன்மையாகச் சிரித்தார்.

ஜெயித்த சூசைராஜ்தான் குதித்தார். "அதெப்படி சம்பந்தி? வீட்டுக்கு வந்தவருக்குத் தறிகெட்டு ஓடுற மிசினக் குடுத்துட்டு நான் ஜெயிச்சேன்னா, நாளைக்கு எரியோடு என்னைய என்ன பேசும்? செல்லாது! எடத்த மாத்து!"

இடம் மாறியது. இப்போது சூசைராஜ் கண்மூடித் திறப்பதற்குள் செத்தார். ரொனால்டு ஜெயித்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்ததும் அவர்தான்.

"மாட்டு வண்டி கணக்கா ஓடுற மிசினக் குடுத்து என்னைய ஜெயிக்க வச்சீகளா? எரியோட்டுக்காரன்னா அம்புட்டு எளப்பமா?"

"ஆட்டம்னா ஆட்டம்தான சம்பந்தி" என்றார் சூசைராஜ், முகமெல்லாம் மலர்ச்சியாக. "எரியோட்டுலயே வைங்க. நான் மனசாரச் சொல்றேன்."

"செல்லாதுங்கிறேன்!"

ஜெரினுக்குத் தலை சுற்றியது. தோற்றவர் சிரிக்கிறார், ஜெயித்தவர் சண்டை போடுகிறார். இவ்வளவு நியாயஸ்தர்களை அவன் ஒரே வீட்டில் பார்த்ததில்லை. கோளாறு தன் வேலையில்தான் இருக்க வேண்டும்.

ரீனா அவனை அடுக்களைக்குள் இழுத்தாள். "ஏலே, சரி பண்றியா, இல்ல என் கல்யாணத்தக் கெடுக்குறியா?"

"சரி பண்ணிக்கிட்டுத்தானக்கா இருக்கேன்."

"அதுதாண்டா பயமா இருக்கு."

கூடத்தில் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அப்பா சிலுவைமுத்து கேட்டார், "ஒரே கேமுதானடா? ஒண்ணு ஏன் பறக்குது, ஒண்ணு ஏன் நொண்டுது?"

ஜெரின் தொண்டையைச் செருமினான். "அப்பா, நம்ம மார்க்கெட்டுக்குக் கேரளாக்காரர் முருங்கைக்கா வாங்க வாராருன்னு வைங்க. அவரு மலையாளத்துல பேசுறத ஒரு தரகர் ஒவ்வொரு வார்த்தையா கேட்டுக் கேட்டுத் தமிழ்ல சொல்றாரு. அவரு இருமுனா இவரும் இருமிக் காட்டுவாரு. அம்புட்டு சுத்தம். ஆனா நேரமாகும். இன்னொரு தரகர், தெனமும் பேசுற பேச்சுதானன்னு மொத்தத்தையும் முன்கூட்டியே தமிழ்ல மாத்தி வச்சுக்கிடுவாரு. வாயத் தொறக்குறதுக்குள்ள பதில் வந்துரும். பழைய மிசின்ல இருக்குறது மொதல் தரகர். புதுசுல இருக்குறது ரெண்டாவது ஆளு. அவரப் பழைய கேம் பெட்டியோட வேகத்துக்குப் பிடிச்சு நிறுத்தவும் மறந்துட்டேன்."

சூசைராஜ் யோசித்தார். "அப்ப மொதல்ல எனக்குக் குடுத்தது இருமுற தரகரா?"

"ஆமா மாமா."

"சொந்த மாமனுக்கு!"

மாப்பிள்ளையின் அம்மா ரோஸ்மேரி கைப்பையைத் தோளில் மாட்டினார். "இன்னும் ஒரு ஆட்டம் பாப்போம். அதுலயும் தீரலன்னா நாங்க கெளம்புறோம். இன்னொரு நாள் பேசிக்கிடலாம்."

ரீனாவின் முகம் வெளுத்தது. போன வருடம் பெண் பார்க்க வந்த சித்தையன்கோட்டைக்காரர்களும் 'இன்னொரு நாள்' என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நாள் இன்னும் வரவில்லை.

ஜெரின் வேகமான எமுலேட்டரையே இரண்டிலும் போட்டான். வேகத்துக்குக் கடிவாளமும் போட்டான். ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தான். இரண்டு திரையும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஓடின. அப்பாடா என்று உட்காரும்போதுதான் அதைப் பார்த்தான்.

சூசைராஜின் டாங்கி எதிரியை விட்டுவிட்டுக் கீழே திரும்பித் தன் சொந்தக் கோட்டையைச் சுட்டது. ஒரு செங்கல் போனது. மறுபடி சுட்டது. பக்கத்துத் திரையைப் பார்த்தான். ரொனால்டின் டாங்கியும் தன் கோட்டைச் சுவரைத்தான் இடித்துக்கொண்டிருந்தது. இருவரும் வியர்க்க விறுவிறுக்கப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜெரின் அவர்கள் விரல்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். வேகமான தரகர் அவசரத்தில் 'மேலே' என்பதைக் 'கீழே' என்று மாற்றிச் சொல்கிறாரா? பாவம், இவர்கள் எதிரியைச் சுடத்தான் அழுத்துகிறார்கள். குண்டு சொந்தக் கோட்டைக்குப் போகிறது! இரண்டு கோட்டையிலும் கடைசிச் செங்கல் மட்டும் நின்றபோது அவன் பாய்ந்து இரண்டு ஆட்டத்தையும் நிறுத்தினான்.

"ஏலே, என்ன பண்ற?" இரண்டு மாமாக்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

"பட்டன் தலைகீழா வேலை செய்யுது மாமா! நல்லவேளை பாத்தேன். செத்த நேரம் பொறுங்க."

"ஒண்ணும் வேணாம்டா, நல்லாத்தான் இருக்கு!"

"எங்களுக்குப் பழகிருச்சு தம்பி, விடுங்க!"

அவர்களுடைய பெருந்தன்மை அவன் கண்ணில் நீரை வரவழைத்தது. 'மேலே' பட்டனைக் 'கீழே' என்றும், 'கீழே' பட்டனை 'மேலே' என்றும் மாற்றி வைத்து ஆட்டத்தைத் தொடங்கினான்.

சூசைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்ப் பட்டனைக் குத்தினார். டாங்கி சர்ரென்று மேலே ஏறி எதிரில் வந்ததையெல்லாம் சுட்டுத் தள்ளியது. எவ்வளவு பலமாகக் குத்தினாரோ அவ்வளவு வீரமாகப் போனது. ரொனால்டு அதைக் கண்டு திகைத்தார். பிறகு மெதுவாக இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். அவருடைய டாங்கி நின்ற இடத்திலேயே செத்தது.

"திண்டுக்கல்லுதான்!" என்று இனிகோ கை தட்டினான். ரீனா சிரித்தாள். ரோஸ்மேரி கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். ரொனால்டு துள்ளி எழுந்து சூசைராஜைக் கட்டிப்பிடித்தார். சூசைராஜ் மட்டும், ஊசி போட்ட பிள்ளை மாதிரி, ஜெரினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெரின் அடுக்களையில் டைரியை விரித்தான். "நாளைய வேலை: வேகமான எமுலேட்டர் 'மேலே'யையும் 'கீழே'யையும் ஏன் மாற்றிச் சொன்னது என்று கண்டுபிடிப்பது. நான் சரியாகத்தான் செய்தேனா? தெரியவில்லை."

தண்ணீர் குடிக்க வந்த ரோஸ்மேரி தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அது சரியாத்தான் சொல்லுச்சு அப்பு. ஊர்ப்பெருமையெல்லாம் வாய்ப்பேச்சுக்குத்தான். எந்த ஊர்ல கல்யாணமோ அந்த ஊரு தாய்மாமன்தான் ரெண்டு நாளும் பந்தியில நின்னு பரிமாறணும், அதுக்குப் பயந்துதான் ரெண்டு பேரும் தோக்குறதுக்கு உசிரக் குடுத்து ஆடுனாக."

ஜெரின் எழுதியதை அடித்துவிட்டு, அடியில் எழுதினான்.

"நாளைய வேலை: காலையில் சூசைராஜ் மாமாவோடு சமையல்காரரைப் பார்க்கப் போவது. பந்தியில் அவரோடு நானும்தான் நிற்க வேண்டும்."