இரண்டு விசில், ஆறு வண்டி

இனிமேல் யார் விசிலுக்கும் நகர மாட்டேன் என்று விமானத்தில் பெல்ட் மாட்டும்போதே சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். பக்கத்து சீட்டில் மனைவி இருந்தாள்.

நான் முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். அவள் கண்டக்டர். முதல் நாலு வருஷம் என் பஸ்ஸில்தான் இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்தான் மாறியது, டிரைவரை அவள் விடவில்லை. ஒரு விசில் என்றால் நிற்பேன், இரண்டு என்றால் கிளம்புவேன். வீட்டில் விசிலுக்குப் பதில் பார்வை.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. கடைத்தெருவில் போனால் யாராவது ஓடி வந்து, "அம்மா, நல்லா இருக்கீங்களா? உங்க பஸ்லதாம்மா காலேஜுக்குப் போனேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் பையோடு நான் நிற்பேன். "சார் யாருங்க?" என்பார்கள். அந்த பஸ்ஸை ஓட்டினவனே நான்தான் ஐயா. ஆனால் முப்பத்தொரு வருஷமாக ஜனங்கள் பார்த்தது என் முதுகை மட்டும்தானே. முதுகை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் மகள், எங்களை ஒரு கேரவன் சுற்றுலாவில் சேர்த்துவிட்டாள். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. அந்த மாதிரி ஆறு வண்டி, வரிசையாகப் பத்து நாள் பயணம். எல்லாரும் நம்ம பாஷை பேசுகிறவர்கள். முதல் வண்டியில் வழிகாட்டிப் பெண். அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டோம். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வாக்கி டாக்கி.

முதல் நாளே கேப்டன் ஒரு விஷயம் சொன்னாள். கடைசி நாள் பெரிய மலைப்பாதை. அன்றைக்கு அவள் கடைசியில் வருவாள். ஒன்பதாம் நாள் மதியச் சாப்பாட்டின்போது எல்லாரும் ஓட்டுப் போட்டு, நல்ல டிரைவர் யார் என்று தேர்ந்தெடுப்பார்கள். அவர் வண்டிக்குத்தான் சிவப்புக் கொடி. அவர்தான் முன்னால் போக வேண்டும்.

எனக்கு அந்தக் கொடி வேண்டும். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை, "இவர்தான் டிரைவர்" என்று நாலு பேர் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலமே தலைவலி ஆரம்பித்தது. முகாமில் வண்டியைப் பின்பக்கமாகத்தான் நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் மரம். மற்றவர்கள் முன்னும் பின்னும் போய் முக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ரிவர்ஸ் கியர் போட்டேன். பின்னாலிருந்து விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் மனைவி. கைப்பையில் அந்தப் பழைய விசிலைக் கொண்டுவந்திருக்கிறாள்.

"வரலாம்... வரலாம்... லேசா ஒடிங்க... வரலாம்... ஹோல்டான்."

ஒரே இழுப்பில் வண்டி உள்ளே போய் நின்றது. இரண்டு பக்கமும் நாலு விரல் இடம். முகாமே எழுந்து நின்று கை தட்டியது. அவளுக்கு.

அடுத்த வண்டிப் பல் டாக்டர் ஓடி வந்தார். "அம்மா, எங்க வண்டிக்கும் கொஞ்சம் விசில் அடிப்பீங்களா?"

"அதுக்கென்ன டாக்டர், ஏறி உக்காருங்க."

அவ்வளவுதான். ஆறு வண்டியையும் அவளே நிறுத்தினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஐந்து வண்டியிலிருந்தும் அவளுக்கு அழைப்பு. என்னை டாக்டர், "சாரும் ஓட்டுவாரா?" என்று கேட்டார்.

இரண்டாம் நாள் காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து விசிலை எடுத்தேன். டூல்ஸ் பையில், ஜாக்கிக்கு அடியில், ஒரு எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தேன். அவள் வந்து கைப்பையைத் துழாவினாள்.

"என்னங்க, விசிலைப் பார்த்தீங்களா?"

"எந்த விசில்?"

"நம்ம வீட்ல எத்தனை விசில் இருக்கு?"

"எங்கயாவது விழுந்திருக்கும். இங்க எதுக்கு விசில்? இது என்ன டவுன் பஸ்ஸா?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். டிக்கெட் வாங்காதவனை அவள் பார்க்கிற பார்வை அது. எனக்குத் தெரியும். கைப்பையை மூடிவிட்டு இறங்கிப் போனாள்.

விசில் போனதால் என்ன ஆயிற்று? அவள் தட்ட ஆரம்பித்தாள். காலையில் கிளம்பும்போது காஸ் மூடியாச்சா, கரண்ட் வயரைப் பிடுங்கியாச்சா, படியை உள்ளே தள்ளியாச்சா என்று சுற்றி வந்து பார்ப்பாள். உள்ளே ஏறிக் கதவைச் சாத்துவாள். பின்பக்கச் சுவரில் இரண்டு தட்டு. என் கால் தானாக ஆக்ஸிலேட்டருக்குப் போகும். முப்பத்தொரு வருஷத்துக் காலைத் திருத்த முடியுமா? சபதம் எடுத்தது மனசு, காலிடம் யார் சொன்னது?

எட்டாம் நாள் வரை இப்படியே ஓடியது. ஒன்பதாம் நாள் காலை, ஓட்டு நாள், நான் பொங்கிவிட்டேன்.

"இன்னிக்காவது என்னை என் இஷ்டத்துக்கு ஓட்ட விடறியா? நீ இல்லாட்டி எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க."

"தெரியுமா?"

"என்ன தெரியுமா? நீ இல்லாம ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவேன்."

"சரி. இன்னிக்கு நான் பின் சீட்ல உக்காந்துக்கறேன். திரையை இழுத்து விட்டுக்கறேன். வாயே திறக்க மாட்டேன். போதுமா?"

"நிஜமாவா?"

"நான் எப்பங்க பொய் சொல்லியிருக்கேன்?"

டீ கொண்டுவந்து வைத்தாள். டேஷ்போர்டை ஒரு தடவை துடைத்தாள். வழக்கம்போல் வண்டியைச் சுற்றி வந்தாள். கதவு சாத்தும் சத்தம். இரண்டு தட்டு. கேப்டன் தன் வண்டியிலிருந்தே, நீங்கள் முன்னால் போங்கள் என்று கை காட்ட, கிளம்பினேன்.

ஆஹா, என்ன ஒரு பயணம். ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து போகிற ரோடு. பின்னாலிருந்து ஒரு சத்தமில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடித்தேன். ருசி கண்டுவிட்டது. பேசிக்கொண்டே போனேன்.

"பார்த்தியா, வளைவுல பிரேக் பிடிக்கவே கூடாது. வளைவுக்கு முன்னாடியே பிடிச்சிடணும். நின்னுட்டு வர்ற கிழவி கம்பியை இறுக்கிப் பிடிச்சா, அது டிரைவரோட தப்பு. நான் கண்ணாடில கிழவிங்க கையைத்தான் பார்த்துட்டு ஓட்டுவேன். நம்ம டாக்டர் ஓட்டறாரே, அது பல்லுப் பிடுங்கற மாதிரி. வெட்டி வெட்டி இழுக்கறார்."

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருபது கிலோமீட்டர் போனதும் எனக்கே என்னமோ போல் ஆகிவிட்டது. வண்டி சீராகப் போகிறது, ஆனால் பாதி வண்டி காணாமல் போன மாதிரி இருக்கிறது.

"இந்தா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. விசிலை நான்தான் ஒளிச்சு வெச்சேன். பொறாமை. வேற என்ன. உன் முகத்தை ஊரே ஞாபகம் வெச்சிருக்கு. அதுல தப்பே இல்லை. நீ என் பஸ்ல ஏறின மொத நாள் ஞாபகம் இருக்கா? எறும்பு நுழைய இடமில்லாத கூட்டம். ஒரு பொம்பளைக்கு வலி வந்துடுச்சு. நான் கையெல்லாம் நடுங்கி உக்காந்திருந்தேன். நீ ஒருத்தி ஐம்பது பேரைக் கீழ இறக்கிட்டு, ரெண்டு விசில் கொடுத்து, 'நேரா ஆஸ்பத்திரி, டிரைவர். நீங்க ஓட்டுங்க, நான் பார்த்துக்கறேன்'ன்னே. அந்த விசில் கேட்டதும் நடுக்கம் நின்னுச்சு. இன்னி வரைக்கும் அப்படித்தான். நீ பின்னாடி இருக்கேங்கற தைரியத்துலதான் நான் முன்னாடி பார்த்து ஓட்டறேன். இதை இத்தனை வருஷத்துல உங்கிட்ட சொல்லணும்னு தோணலை பாரு, நான் ஒரு மடையன்."

அப்போதும் பதில் இல்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓட்டினேன். வாக்கி டாக்கியில்கூட ஒரு சத்தமும் வரவில்லை. இன்றைக்கு எல்லாருமே நல்ல பிள்ளைகளாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் நான் கொஞ்சம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். திரையை விலக்கினேன். பின் சீட்டு காலி. பாத்ரூமைத் தட்டினேன். காலி. கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். மனைவியைப் பழைய முகாமிலேயே விட்டுவிட்டு நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். கதவைத் திறந்து கீழே குதித்தேன்.

கேப்டன் வண்டியிலிருந்து என் மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு.

"நீ... நீ ஏறலையா? அப்புறம் யாரு தட்டினது?"

"நான்தான். வெளியில இருந்து கதவைச் சாத்திட்டுத் தட்டினேன். நீங்க நகர்ந்ததும் கேப்டன் வண்டியில ஏறிக்கிட்டேன். நான் இல்லாம ஓட்டறேன்னு சொன்னீங்களே, ஓட்டிட்டீங்க."

"அப்ப நான் பேசினதெல்லாம்?"

"கேட்டேன்."

"எப்படிக் கேட்டே?"

"வாக்கி டாக்கியைப் பாருங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். பேசும் பட்டனை அமுக்கியபடி ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. டீ கொண்டுவந்து வைத்தவள் டேஷ்போர்டைத் துடைத்தாளே, அப்போது போட்டது. நாற்பது கிலோமீட்டர் நான் பேசியதை ஐந்து வண்டியும் கேட்டிருக்கிறது.

டாக்டர் என் தோளைத் தொட்டார். "நான் பல் பிடுங்கினா வலிக்காதுங்க. ஆனா வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிச்சுப் பார்த்தேன். பிரமாதம்." அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவரும் எங்கிட்ட ஏதாவது சொல்லுவாருன்னு வழி முழுக்கப் பார்த்துட்டு வந்தேன்" என்றார்.

நான் மனைவியைத் தனியாக இழுத்துப் போனேன். "ஏன் இப்படிப் பண்ணினே?"

"ஒன்பது நாளா உங்க முதுகைப் பார்த்துட்டு வந்தாங்க. மனுஷன் உள்ள என்ன இருக்குன்னு தெரிய வேணாமா? நான் பக்கத்துல இருந்தா நீங்க பேசவும் மாட்டீங்க, நான் பேச விடவும் மாட்டேன்."

ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்ப்பே இல்லை. கொடி எனக்கு. "இவர்தான் டிரைவர்" என்று கேப்டன் என் கையைத் தூக்கிப் பிடித்தாள். இப்படி ஒருத்தியிடம் தோற்பதற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை. என் வண்டித் தலையில் சிவப்புக் கொடி. பின்னால் ஐந்து வண்டி. இஞ்சினைப் போட்டுவிட்டு, இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன். தட்டு வரவில்லை. பின் ஜன்னல் திறக்கும் சத்தம்தான் கேட்டது.

"ஏய், என்ன பண்றே?"

"ஜாக்கிக்கு அடியில வெச்சா துரு பிடிக்காதா? அன்னிக்கே எடுத்துட்டேன்."

இரண்டு விசில். ஆறு வண்டியும் ஒரே நேரத்தில் நகர்ந்தது.

பின் சீட்டு பின்பக்கம் பார்த்தபடி இருக்கும் சீட்டு. அதில் சௌகரியமாக உட்கார்ந்து அவள் கை காட்டிக்கொண்டே வந்தாள். மலை ஏறி இறங்கும்வரை ஐந்து வண்டிக்காரர்களும் பார்த்தது என் வண்டியின் முதுகையும், ஜன்னலில் அவள் முகத்தையும்தான்.