சீனிக்கு எதிரான நடவடிக்கை

“சொக்ஸ் பார்க்கேல்லை,” என்றார் தயாபரன், இரண்டு கைகளையும் தூக்கியபடி.

“சொக்ஸ் ஓகே, மாத்தயா,” என்றார் கேற்றில் காவலுக்கு நின்ற கோப்ரல்.

“பார்க்காமல் எப்பிடி ஓகே? சண்டைக் காலத்திலை சந்திக்குச் சந்தி ஆமி என்ரை சொக்ஸைக் கழட்டி உதறிப் பார்த்தவங்கள். அதுதான் வேலை. குனிஞ்சு பாருங்கோ.”

கோப்ரல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சொக்ஸுக்குள் கால் மட்டுமே இருந்தது. நிமிர்ந்து, மேசையில் கிடந்த பதிவேட்டில் ‘17.40. திரு. தயாபரன். சீனி இல்லை’ என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினார்.

தயாபரனின் மனைவி நேசமலர் கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு மேசையைக் கடந்து நேரே லிப்ற்றுக்குப் போனாள்.

“நோனா, பேக்…”

“முப்பது வருஷமாக் கண்டவனுக்கெல்லாம் திறந்து காட்டினனான். என்ரை வீட்டு கேற்றிலை திறக்கமாட்டன்.”

கோப்ரல் தயாபரனைப் பார்த்தார். தயாபரன் வேறு பக்கம் பார்த்தார். பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே ஒரு கோடு போடப்பட்டது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது அந்த ஐந்துமாடிக் குடியிருப்பு. தயாபரன் அதன் முகாமைத்துவக் குழுச் செயலாளர். அரச கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு டொக்டர் சுபோதினி அவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் இடது கால் சின்னவிரலில் ஆறாமல் இருந்த புண்ணையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மூண்டு மாசம் தாறன், அங்கிள். சீனி இறங்காட்டி இந்த விரலை எடுக்கவேண்டி வரும்.”

வாயைக் கட்டுவது என்று தயாபரன் அதற்கு முன்னர் பதினொரு தடவை தீர்மானித்திருந்தார். பதினொரு தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின, அமுல்படுத்தப்படவில்லை. குறை தீர்மானத்தில் இல்லை, ஒழுங்கில்தான் இருக்கிறது என்பதை அவருக்கு விளக்கியவர் பிரசாந்.

பிரசாந் கிருலப்பனையில் பிறந்தவர். ‘உனக்குள் ஒரு படையணி’ என்ற இரண்டுநாள் பயிற்சியை ஹோட்டல் மண்டபங்களில் நடத்துபவர். எந்தப் படையிலும் இருந்ததில்லை. இராணுவச் சீருடைத் துணி போடுவது சட்டப்படி குற்றம் என்பதால் பச்சை ரீசேட் போட்டிருந்தார்.

“இதிலை ஆருக்காவது இராணுவ ஒழுங்கிலை முன் அனுபவம் இருக்கா?” என்று அவர் கேட்டதும், வந்திருந்த நாற்பது பேரும் கை தூக்கினார்கள்.

பிரசாந் மகிழ்ந்துபோனார். “சொல்லுங்கோ ஐயா.”

“ஓமந்தைச் சாவடியிலை ஆறு மணித்தியாலம் வெயில்லை வரிசையிலை நிண்டனான்,” என்றார் ஒருவர்.

“எனக்குப் படுக்கேக்கையும் தலைமாட்டிலை அடையாள அட்டை இருக்கவேணும்,” என்றார் இன்னொருவர்.

“கேள்வி கேட்டா ரெண்டு சொல்லுக்கு மேலை நான் கதைக்கிறேல்லை,” என்றாள் பின்வரிசைப் பெண்.

பங்கேற்பாளர் அனைவரும் அடிப்படைப் பயிற்சி பெற்றவர்கள் என்று குறித்துக்கொண்டு, பிரசாந் முதல் பாடத்தைத் தவிர்த்துவிட்டு நேரே இரண்டாம் பாடத்துக்குப் போனார். மனம் ஒரு கலகக்காரன், அதை நம்பக்கூடாது, சோதனை செய்யவேண்டும். இதுவே இரண்டாம் பாடம்.

தயாபரன் வீடு திரும்பியதும் தமக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்புநர், தயாபரன். ஊடாக, செயலாளர் தயாபரன். பெறுநர், தயாபரன். சீனிக்கு எதிரான நடவடிக்கை உடனடியாக அமுலுக்கு வருவதை அது இத்தால் அறியத்தந்தது. நடவடிக்கைக்கு வீரமான ஒரு பெயர் வைக்க அவர் அரைமணி நேரம் முயன்றார்.

“நல்ல பெயரெல்லாம் ஆமிக்காரங்கள் வைச்சு முடிச்சிட்டாங்கள்,” என்றாள் நேசமலர், கீரை ஆய்ந்துகொண்டே.

அடுத்த கிழமை முகாமைத்துவக் குழு கூடி, நன்மை எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று, தம்மைச் சோதிக்க அவர் கேற்றில் வைத்த சோதனைச் சாவடியை முழுக் குடியிருப்புக்கும் விரிவாக்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று பிரதிகளில் ஒரு படிவம் போனது. தயாபரன் அதைப் புதிதாகத் தயாரிக்கவில்லை. சண்டைக் காலத்தில் கொழும்புத் தமிழர் நிரப்பிக் கொடுத்த பழைய பொலிஸ் பதிவுப் படிவத்தை எடுத்து, ‘கொழும்புக்கு வந்த நோக்கம்’ என்ற இடத்தில் ‘வாழ்க்கையின் நோக்கம்’ என்று மாற்றியிருந்தார். வீட்டில் உள்ளோர் விபரம், உறவுமுறை, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. அன்று பின்னேரமே அத்தனை வீட்டுப் படிவங்களும் வந்துசேர்ந்தன. சிலர் கேட்காமலே கிராம அலுவலரின் உறுதிக்கடிதத்தையும் இணைத்திருந்தார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து இரண்டாம் மாடியில் குடியிருந்த ஹியூபேட், வாழ்க்கையின் நோக்கம் ‘சிகரெட்டை விடுதல்’ என்று எழுதினார். தங்கியிருக்கும் காலம் என்ற இடத்தில் ‘தற்காலிகம்’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டார்.

சாவடிக்கு ஆள் தயாராக இருந்தார். கேற்றில் காவலுக்கு இருந்த கோப்ரல் பதினெட்டு வருடம் உண்மையாகவே இராணுவத்தில் இருந்த சிங்களவர். அவருக்குத் தமிழில் பத்து வசனங்கள் நன்றாகத் தெரியும். எட்டுக் கேள்விகள், இரண்டு கட்டளைகள்.

“ஆமியிலை விடிய நாலு மணிக்கு எழும்பி என்ன செய்வீங்கள்?” என்று தயாபரன் குறிப்புப் புத்தகத்துடன் கேட்டார்.

கோப்ரல் பிளேன் ரீக்குள் மூன்றாவது கரண்டி சீனியைப் போட்டார். “எழும்பி சும்மா இருந்தது, மாத்தயா. சாப்பாடு வந்தா சாப்பிட்டது. லீவு எப்ப எண்டு பார்த்தது.”

‘இவருக்கு இராணுவ மனப்பாங்கு போதாது. பிரசாந்தின் பயிற்சிக்குச் சிபாரிசு செய்யப்படுகிறது’ என்று தயாபரன் எழுதிக்கொண்டார்.

நிலைமை அறிக்கை தினமும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. கைப்பற்றப்பட்டவை: சீனிப் பணிஸ் இரண்டு, மஸ்கற் அல்வா கால் கிலோ, ஹியூபேட்டின் குடைக்குள்ளிருந்து சிகரெட் மூன்று. எமது தரப்பில் இழப்பு இல்லை. மூன்றாம் கிழமைக்குப் பிறகு ஒன்றும் பிடிபடவில்லை. குடியிருப்பு திருந்திவிட்டதாக அறிக்கை கூறியது.

“குடைதான் பிழைச்சது, தயா அண்ணை,” என்றார் ஹியூபேட், லிப்ற்றுக்குள். அவருடைய சேட்டிலிருந்து புகை மணந்தது. “இப்ப வேறை வழி.”

தயாபரன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தடைசெய்யப்பட்டிருந்த பென்ரோச் பற்றறி நான்கை அந்தக் காலத்தில் பாணுக்குள் வைத்துக் கொண்டுபோனவர் தயாபரன். ஏழு சாவடி. இன்றைக்கும் கலியாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்வார். சாவடி என்று ஒன்று இருந்தால் அதைத் தாண்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஆனால் பிரதம இலிகிதராக இருந்தவர் காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டார். சாவடி ஒழுங்காக இயங்குகிறதா என்பதைச் செயலாளர் அவ்வப்போது பரீட்சிக்கவேண்டும். அதற்கு, தமக்குப் பிடித்த இனிப்பான தொதலில் ஒரு துண்டை உள்ளே கொண்டுவர முயலவேண்டும். பிடிபட்டால் ஒழுங்குக்கு வெற்றி. பிடிபடாவிட்டால் ஆதாரத்தை உடனடியாக அழித்துவிடவேண்டும்.

ஆதாரங்கள் தினமும் அழிக்கப்பட்டன. எந்த வழியாக வந்தன என்பது இராணுவ இரகசியம்.

இந்த நாட்களில் அவரிடம் ஒரு மாற்றத்தை நேசமலர் கண்டாள். பின்னேரம் அவள் கோயிலால் வரும்போது காலி வீதி முனையில் வந்து நிற்பார். “பையைத் தாரும், நேசம். பாரமாயிருக்கும்,” என்று வாங்கித் தோளில் போட்டுக்கொள்வார். கேற்றடியில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைகளைத் தூக்குவார். மேலே போனதும் “இஞ்சை தாரும், நான் உள்ளை வைக்கிறன்” என்று மறுபடி வாங்கிக்கொள்வார். முப்பத்தொரு வருடத்தில் இல்லாத பழக்கம். பயிற்சிக்குக் கட்டிய காசு வீண்போகவில்லை என்று அவள் தங்கச்சி சுதர்சினிக்குப் போனில் சொன்னாள்.

ஒன்றுமட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

“இஞ்சாருங்கோ, மெஷின்லை குத்திப் பார்த்தனீங்களே? எவ்வளவு?”

“நடவடிக்கை நடக்கேக்கை எண்ணிக்கை வெளியிடுறேல்லை.”

“எனக்குமோ?”

“சிவிலியனுக்கு இல்லை.”

“புண் கறுக்குதப்பா.”

“அது பின்தளம். அங்கை பிரச்சினையில்லை.”

தொண்ணூறாம் நாள் டொக்டர் சுபோதினி அறிக்கையைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி, வேறு யாருடைய பெயராவது இருக்கிறதா என்று பார்த்தார்.

“அங்கிள், இது ரெண்டு மடங்கு. என்ன சாப்பிட்டனீங்கள்?”

தயாபரன் சாவடிப் பதிவேட்டை மேசையில் வைத்தார். “பாருங்கோ டொக்டர். சாவடி போட்ட நாள் தொட்டு ஒருநாளும் சீனி இல்லை. நாளுக்கு நாள் கையெழுத்து இருக்கு.”

“பதிவேட்டிலை இல்லை, அங்கிள். இரத்தத்திலை இருக்கு.”

இரண்டு கிழமை கழித்து விரலை எடுத்தார்கள். வார்டில் கட்டிலில் சாய்ந்திருந்தபடி தயாபரன் தாமே அறிக்கையை எழுதி, ஒட்டச் சொல்லி ஹியூபேட்டிடம் கொடுத்தனுப்பினார்: ‘சின்னவிரலிலிருந்து தந்திரோபாயப் பின்வாங்கல் வெற்றிகரமாக நிறைவுற்றது. ஏனைய ஒன்பது விரல்களும் எமது பூரண கட்டுப்பாட்டில் உள்ளன.’ பிரசாந் அதைப் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போட்டார். எண்ணூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். அடுத்த பயிற்சிக்கு இடம் முடிந்துவிட்டது.

துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்று காலை நேர்ஸ் கிளினிக் கொப்பியைக் கேட்டாள். நேசமலர் கைப்பைக்குள் துழாவினாள். கொப்பி முன்பக்கத்தில் இல்லை. தான் ஒருநாளும் பாவிக்காத பின்சிப்பைத் திறந்தாள். உள்ளே எண்ணெய் ஊறிய கடதாசியில் ஒரு துண்டு தொதல். தன் கைவிரல் நீளம். கடதாசி, நிலைமை அறிக்கையின் மூன்றாம் பிரதி.

அவள் கட்டிலைப் பார்த்தாள். தயாபரன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பைகளைச் சோதிப்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உவனுக்கு வேலை தெரியாது,” என்றார். “அடியிலை கை வைச்சுப் பார்க்கிறானில்லை.”

நேசமலர் சிப்பை இழுத்து மூடினாள்.

ஓட்டோ குடியிருப்பு வாசலில் நின்றபோது பத்தரை மணி. மேசைக்கு முன்னால் சந்தைப் பைகளுடன் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். செயலாளரைக் கண்டதும் ஹியூபேட் ஓடிவந்து தோள் கொடுத்தார். தயாபரன் ஊன்றுகோலை அவரிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தூக்கினார்.

“மாத்தயா, இண்டைக்கு வேண்டாம்,” என்றார் கோப்ரல்.

“கட்டுக்குள்ளையும் பாருங்கோ. விதி எல்லாருக்கும் ஒண்டுதான்.”

கோப்ரல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வரிசை பொறுமையாகக் காத்திருந்தது.

நேசமலர் ஓட்டோக்காரனுக்குக் காசைக் கொடுத்தாள். லிப்ற்றுப் பக்கம் போகாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுடைய முறை வந்ததும் கைப்பையை மேசையில் வைத்து, முன்சிப்பைத் திறந்தாள். பிறகு பையைத் திருப்பிப் பின்சிப்பையும் திறந்தாள்.