யாழினிக்குப் பயமே கிடையாது

பெற்ற பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அப்பாக்களில் நான் முதல் வரிசை. (கூட்டம் அதிகம். எப்படியோ முன்னால் இடம் கிடைத்துவிட்டது.)

அப்போது மகள் யாழினிக்கு நான்கு வயது. சின்னக் குழந்தைகளின் பயங்களைப் பெற்றோரிடம் கேட்டு அளப்பதற்காக, காட்டாங்குளத்தூரில் உளவியல் படிக்கும் பெண் ஒருத்தி குரோம்பேட்டையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். மனைவி கவிதா கடைக்குப் போயிருந்தாள்.

"மேடம் இல்லீங்களா சார்?"

"எதுக்கும்மா? நானே சொல்றேன், எழுதிக்கோ."

இருட்டு, நாய், டாக்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடச் சொன்னேன். பூஜ்யம் வாங்கி நான் பெருமைப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

"பெரிய சத்தம்? மிக்ஸி, குக்கர் மாதிரி?"

"சுத்தமா இல்ல. நீயே வந்து பாரு."

அவளையும் யாழினியையும் சமையலறைக்கு அழைத்துப் போனேன். ஜாரில் கவிதா பாதி அரைத்து வைத்திருந்த கொத்தமல்லிச் சட்னி. மூடி சும்மா மேலே இருந்ததைக் கவனிக்காமல் மிக்ஸியை முழு வேகத்தில் வைத்தேன். மூடி பறந்தது. சட்னி அந்தப் பெண்ணின் தலையிலும் வெள்ளைச் சுடிதாரிலும் விழுந்தது. யாழினி வீறிட்டு ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

நான் குனிந்து கூப்பிட்டேன். இன்னும் உள்ளே நகர்ந்தாள். தலையில் சட்னியோடு அந்தப் பெண்தான் தரையில் உட்கார்ந்து பேசினாள்.

"மிக்ஸின்னா பயமா குட்டி?"

"ம்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"சொன்னா சிரிப்பாரு."

அப்போதும் நான் சிரித்த முகமாகத்தான் நின்றிருந்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கவிதா வந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"தெனம் காலையில இவள எதுக்கு எதிர் வீட்டுக்கு அனுப்பறேன்னு நெனச்சீங்க?"

"மீன் தொட்டி பாக்க..."

"சட்னி அரைக்க."

அந்தப் பெண்ணிடம் துண்டைக் கொடுத்து, "அவர் சொன்னத அடிச்சிடும்மா" என்று முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தாள். இருட்டுக்கு மூன்று. நாய்க்கு நான்கு. சமையலறைத் தரையைத் துடைத்தபடி என் மகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

யாழினி இப்போது ஏழாவது படிக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், சட்னி எந்தப் பக்கம் பறந்தது என்பது வரை நடித்துக் காட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான்.

போன வாரம் பள்ளியிலிருந்து வந்தவள் முகம் சரியில்லை. பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்னடா, என்கிட்ட சொல்லேன்."

என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லப்பா. அம்மா எப்ப வருவாங்க?"