வாசலுக்கே வந்த அப்ரூவல் அண்ணா

உலகத்திலேயே கமென்ட் போடுவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கி வைத்த ஜனங்கள் நாங்கள் மட்டும்தான். காரணம், அப்ரூவல் அண்ணா.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் நகருக்கென்று ஒரு வெப்சைட் இருந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தத் தெருவில் கரண்ட் இல்லை, யார் வீட்டு நாயைக் காணோம் என்றெல்லாம் அதில் பதிவுகள் வரும். ஒரு கம்பெனியில் புரோகிராமராக இருந்த அண்ணா, சும்மா ஓர் ஆசைக்குச் செய்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கமென்ட் போட மட்டும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் அப்படித்தானே என்பீர்கள். மற்ற இடங்களில் போனுக்கு ஓடிபி வரும். எங்கள் நகரில் அண்ணாவே வருவார்.

சைலன்சர் ஓட்டையான ஸ்கூட்டர் நாலு தெருவுக்கு முன்பே கேட்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே காலிங் பெல்லை அழுத்துவார்.

"தாம்பரம் டைகர்ங்கறது யாருங்க?"

கதவைத் திறந்தவர் ரிட்டயர்டு கணக்கு டீச்சர். கையில் பாதி உரித்த வெங்காயம். "நான்தான். உள்ள வாங்க."

அண்ணா வாசலில் நின்றபடியே போனில் அப்ரூவ் பொத்தானை அழுத்தினார். "மூஞ்சியப் பாத்தாச்சு டீச்சர். இனிமே தாராளமா உறுமுங்க."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கமென்ட் கொஞ்சம் காரமாக இருந்தால் நிறுத்தி வைத்துவிடுவார். எழுதியவரை ஸ்கூட்டரில் ஏற்றி, யாரைப் பற்றி எழுதினாரோ அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். நேருக்கு நேர் படித்துக் காட்டினால்தான் வெளியிடுவார்.

மல்லிகா அக்காவின் இட்லிக் கடையைப் பற்றிய பதிவின் கீழே ஒரு பேங்க்காரர், ‘அது சட்னியா, தண்ணீர்ப் பந்தலா?’ என்று எழுதினார். மறுநாள் காலை கடை முன்னால் நின்று அதைப் படித்துக் காட்டினார். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"இன்னா சார், இத சொல்றதுக்கா எழுதிக்கினு வந்த? நேத்தே வாயத் தொறந்து கேட்டிருந்தா கெட்டியா ஊத்திருப்பேன்ல? குந்து, துண்ணு."

கமென்ட் வெளிவந்தது, சட்னியும் கெட்டியானது. பேங்க்காரர் இன்றுவரை அங்கேதான் சாப்பிடுகிறார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தவன்தான் நான், என் முறை வரும்வரை.

ஓர் ஐப்பசி மழை. காலையில் கண் விழித்தால் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜேக்கப் என் இருபது வருஷ நண்பன். என் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு பந்தி பரிமாறியவன். தண்ணீர் இறைக்கும் மோட்டார் அவன் பொறுப்பில் இருந்தது. ‘மோட்டார் அனுப்பப்படும்’ என்று காலையிலேயே ஒரு பதிவு போட்டவன், அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை. அந்தப் பதிவின் கீழே எழுதினேன்: ‘செயலாளர் வீடு காய்ந்து கிடக்கும். மோட்டாரும் அங்கேதான் இருக்கும். இவனை நண்பன் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.’

கால் மணி நேரத்தில் அண்ணா வந்துவிட்டார். பாலிதீன் கவரில் சுற்றிய போனைத் தூக்கிப் பிடித்தபடி, தண்ணீரில் நடந்து. ஸ்கூட்டர் இல்லை, ஹெல்மெட் மட்டும் தலையில் இருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. வாங்க, படிச்சுக் காட்டிட்டு வந்துரலாம்."

"அண்ணா, இந்த மழையிலயா?"

"எழுதும்போதும் மழைதானே பெஞ்சுது?"

ஜேக்கப் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே முழங்கால் தண்ணீர். சாப்பாட்டு மேஜைமேல் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நனைந்து அணைந்துபோன போன். அடுத்த தெருவில் நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு மோட்டாரை அனுப்பிவிட்டிருந்தான்.

"வாடா மச்சான், உன் வூட்லயும் பூந்துடுச்சா? போன் செத்துடுச்சு. உன்னத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். சாப்ட்டியா?"

அண்ணா போனை என்னிடம் நீட்டினார். திரையில் என் வார்த்தைகள். ஜேக்கப் பார்க்காதபடி போனை மார்போடு திருப்பிப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"இன்னாடா அது?" என்றான் ஜேக்கப்.

"ஒண்ணுமில்ல சார். உங்களப் பாக்கணும்னாரு, கூட்டிட்டு வந்தேன்" என்று அண்ணா போனை வாங்கிக் கவருக்குள் போட்டுக்கொண்டார். பிறகு மூன்று பேருமாக ஃபிரிட்ஜைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். அப்போதும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை மனிதர்.

மகளின் படிப்புக்காக அண்ணா காட்டாங்குளத்தூர்ப் பக்கம் குடிபோய்விட்டார். வெப்சைட்டும் நின்றுபோனது. இப்போது எங்களுக்குப் போனில் ஒரு குரூப்தான். யாரும் யாரையும் எதுவும் சொல்லலாம். பெல் அடிக்க ஆளில்லை. போன வாரம் மாடி வீட்டுக்காரரைப் பற்றிக் காரசாரமாக ஒரு பத்தி எழுதினேன். அனுப்பப் போகும்போது விரல் நின்றுவிட்டது. அண்ணாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, ஒரு கமென்ட் இருக்கு."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து குலுங்கியது. "அவரு வீட்ல இருக்காரான்னு பாத்து வைங்க தம்பி. இதோ கெளம்பிட்டேன்."

எழுதியதை அப்போதே அழித்துவிட்டேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வராமல் இருந்துவிடுவாரே.